எட்டுக்கு மேல்

தேசராணிக்கு ஒன்பது சொல்ல வராது.
எண்ணூர் விரைவுச் சாலையில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்த அன்று
மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போயின,
கூடவே 'த'வும்.
நாக்கு போய் முட்டச் சுவரில்லாமல்
வெறுங்காற்றாய் வெளியேறுகிறது பத்து.
காசிமேட்டில், விடியாத மூன்று மணிக்கு,
வஞ்சிரக் கூடை முன் நின்று
ஆறாயிரம், ஏழாயிரம், எட்டாயிரம் என்று கூவி
அங்கேயே முடித்துவிடுகிறாராம்.
வியாபாரிகள் அதைக் கண்டுகொண்டார்கள்.
கழற்றி மாட்டும் பல்செட்
முதல் நாளே இறால் கூடைக்குள் விழுந்தது.

என் வேலை சுழற்றுவது.
அவர் முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு குழாய் ரத்தம்.
உறையாதிருக்க எதுவும் கலப்பதில்லை,
அதனால் ஓட வேண்டும்,
ஸ்ட்ரெச்சர், டீ வாளி, வரிசையில் நிற்கும் தாடைகள்
எல்லாம் தாண்டி.
பன்னிரண்டு நிமிடம்.
நின்றதும் சிவப்பு அடியில் இருக்கும்,
மேலே தெளிநீர்,
நடுவில் மஞ்சளாய் ஒரு கொழகொழப்பு.
"சொறிமீன்" என்றார் பார்த்ததும்.
"வலையில வந்தா உதறிப் போட்டுடுவோம்."

இதுக்குள்ளதான் இருக்கு
வளர்ச்சிக் காரணிகள், என்றேன்.
"காரணின்னா?"
பதினாறு வருடமாய்ச் சுழற்றுகிறேன்,
யாரும் கேட்டதில்லை.
காயம் பட்ட இடத்தில்
தட்டணுக்கள் உடைந்து போடும் கூச்சல், என்றேன்.
இங்க ஆள் வேணும்,
இங்க ரத்தக்குழாய் வேணும்,
எலும்பு கட்டுறவங்க யாரு வர்றீங்க, யாரு வர்றீங்க.
"ஏலம்" என்றார்.

நான்கு டைட்டானியத் திருகுகள்.
"உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்காதா?"
பிடிக்காது.
இரண்டில் மஞ்சளைச் சுற்றி இறக்கினார் டாக்டர் நிஜாமுதீன்,
இரண்டை வெறுமனே.
எது எதற்கென்று மூடிய உறை சொன்னது.
ஒப்பிட்டால்தானே தெரியும்.
"ரெண்டு புள்ளைக்குச் சோறு,
ரெண்டு புள்ளைக்குப் பட்டினியா?"
அவர் கையெழுத்திட்ட தாளின் மூன்றாம் பக்கத்தில்
அது இருந்தது.
நான் அதைக் காட்டவில்லை.

மூன்றாம் வாரம்தான் மோசம்.
திருகியபோது கிடைத்தது பழைய எலும்பின் பிடி.
உடல் அதைக் கரைக்கத் தொடங்கிவிடும்,
புதியது வந்து சேரும் முன்பே.
தலையில் காந்த ஆணி பொருத்தி
அதிரவிட்டுக் கேட்டால்
கருவி ஓர் எண் சொல்லும்.
அறுபத்தாறாக இருந்தது ஐம்பத்தெட்டு ஆகியிருந்தது.
"ஏலத்துல எண் எறங்காது தம்பி."
இதில் இறங்கும், என்றேன்,
எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் வாரம் டிசம்பர்.
ராயபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர்.
சேலைக் கரை சொட்டச் சொட்ட வந்தார்,
ஊசி குத்தும் இடத்தில்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.
சோறு தின்றவை: எழுபத்து மூன்று, எழுபத்தொன்று.
பட்டினி கிடந்தவை: அறுபத்தெட்டு,
அப்புறம்
எழுபத்திரண்டு.
மறுபடி வைத்துப் பார்த்தேன். எழுபத்திரண்டுதான்.
ஒரு வாயின் நான்கு எண்கள்
எதையும் நிரூபிக்காது, இன்னும்
பத்தொன்பது வாய்கள் பாக்கி.
உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டேன்.
"பட்டினி கெடந்தது சும்மா கெடக்கல, பாத்தியா?"

வாய் திறந்தபடியே கையை உயர்த்தினார்,
வலது கை, விரல்கள் அகல,
கடல் பக்கம் பார்த்து நிற்பவர் போல.
"ஒரு ...ரம்.
ரெண்டு ...ரம்."
மூன்றாவதற்குள் பயிற்சி மாணவி சிரித்துவிட்டாள்,
அவரும்.
பல் பொருத்த இன்னும் ஆறு வாரம்.

அவர் போனபின்
மேசையைத் துடைத்துக்கொண்டே
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்:
ஒன்பது. ஒன்பதாயிரம். பத்தாயிரம்.
நாக்கு எங்கே போய் முட்டுகிறதென்று.